மகளிர் உரிமைத்தொகை: ‘தகுதியில்லை’ என்று குறுஞ்செய்தி வந்தவர்களின் சிக்கல்கள்

மீட்டர்பெட்டி:
2023 முதல் கட்ட நிராகரிப்புகளில் ஆளைக் குழப்பியது வீட்டுக் கரண்ட் யூனிட் கணக்குதான். ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் கீழ் இருக்கணும் என்பது விதி. இரண்டு மாத ரீடிங்குக்குச் சராசரி 600. கோடையில் ஒருமுறை 750 வந்தால் பயமில்லை, ஆறு ரீடிங்கையும் கூட்டித்தான் பார்க்கணும். கீழ்வீடு, மாடிவீடு இரண்டுக்கும் ஒரே மீட்டர் இருந்தால்தான் வம்பு. கீழே 1900, மேலே 2000. இரண்டு குடும்பமும் வரம்புக்குள்தான். மீட்டரோ 3900 காட்டும். மேல்முறையீட்டில் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதிப் பிரயோஜனமில்லை. இபி கார்டில் அந்த ஓராண்டு ரீடிங் பக்கம், ஒரே கதவிலக்கத்தில் உள்ள இரண்டு ரேஷன் கார்டு நகல், ‘ஒரு மீட்டர், இரண்டு அடுப்பு’ என்று முதல் வரி. விசாரிக்க வருபவர் கண்ணில் படவேண்டியது இவ்வளவுதான்.

பழையஆர்சி:
கார் வைத்திருக்கிறீர்கள் என்று நிராகரித்ததும் அப்படித்தான். விற்று நாலு வருஷம் ஆகியிருக்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு சரி, வாங்கியவர் ஆர்டிஓவில் பெயர் மாற்றியிருக்க மாட்டார். வண்டியை ஒப்படைத்த டெலிவரி நோட்டைக் காட்டினால் விசாரிக்க வந்தவர் தலையாட்டுவார், கம்ப்யூட்டர் ஆட்டாது. ஆனால் ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று) மாறட்டும் என்று உட்காராதீர்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு வைத்தார்கள். முதலில் இ-சேவையில் பதிந்துவிட்டு, கோட்டாட்சியர் விசாரணை முடிவதற்குள் ஆர்சியை முடிக்கணும்.

கூட்டல்கழித்தல்:
‘பேசாமல் எல்லா கார்டுக்கும் கொடுத்துவிடலாமே’ என்பவர்களுக்கு: தொடக்கத்தில் 1.06 கோடி பேர். மாதம் ஆயிரம் வீதம் வருஷத்துக்கு 12,720 கோடி ரூபாய். ரேஷன் கார்டுகளோ இரண்டு கோடிக்கு மேல். சல்லடை தேவைதான். ஆனால் மீட்டரைச் சல்லடையாக்கினால் அது குடும்பத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தை அளக்கும். நிலத்துக்கு நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் போனதுதான் எரிச்சல்.

மீட்டர்பெட்டி:
@கூட்டல்கழித்தல் அதேதான் சார்.

பாஸ்புக்:
தேர்வானபின்னும் ஓர் ஓட்டை உண்டு. வந்த ஆயிரத்தை மினிமம் பேலன்ஸ் அபராதம் என்று வங்கிகள் பிடித்ததால், பிடிக்கக்கூடாது என்று 2023-இல் நிதியமைச்சர் தங்கம் தென்னரசுவே சொல்லவேண்டி வந்தது. ஜீரோ பேலன்ஸ் கணக்குதான் பத்திரம். ஆதார் வழியாக அனுப்பும் பணம் கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் போகும். ‘வரவில்லை’ என்று மனு எழுதுமுன் வீட்டில் கிடக்கும் மற்ற பாஸ்புக்கிலும் ஒரு என்ட்ரி போட்டுப் பாருங்கள்.