பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு மரத்தில் ஸ்டாக் செய்வது: எந்த மரம், எப்படிப் பொருத்துவது?

இடதுகைச் சுடுநர், சென்னை

வணக்கம். நான் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். என் ரைஃபிளின் ஸ்டாக் (கையும் கன்னமும் தோளும் தாங்கிப் பிடிக்கும் பகுதி) வலதுகைக்காரர்களுக்கு உரியது. கைப்பிடியையும் கன்னத்தாங்கியையும் எவ்வளவு நகர்த்தி வைத்தாலும் என் உடலுக்கு ஒத்துவரவில்லை. எனவே ஆக்‌ஷன் (சுடும் பொறி), பேரல் (குழல்), காற்று சிலிண்டர் எதையும் மாற்றாமல், ஸ்டாக்கை மட்டும் மரத்தில் புதிதாகச் செய்துகொள்ள விரும்புகிறேன்.

இடித்த பழைய வீட்டின் தேக்கு உத்திரம் ஒன்று கைவசம் இருக்கிறது. ஈட்டி (ரோஸ்வுட்) பலகை வாங்கித் தரலாம் என்கிறார் எங்கள் தச்சர். வால்நட் மரமே வேண்டும் என்று வெளிநாட்டுச் சுடுநர்கள் எழுதுவது எந்த அளவுக்கு உண்மை? ஆக்‌ஷனை மரத்தில் நேரடியாகப் பதித்துத் திருகினால் போதுமா, எபாக்ஸி பெட்டிங் (ஆக்‌ஷன் அசையாமல் உட்கார அதற்கும் மரத்துக்கும் இடையில் எபாக்ஸிப் பசையை நிரப்பி இறுகவிடுவது) கட்டாயமா? சென்னையில் பயிற்சி செய்துவிட்டு டெல்லி சென்று சுட வேண்டியிருப்பதால், மரம் மாறிவிடுமோ என்பதே என் பெரிய கவலை.

மரப்பட்டறை, கோவை

ஐயா, வால்நட்டின் புகழுக்குக் காரணம் அழகு மட்டுமன்று. அதன் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 640 கிலோ. உளிக்குச் சிதறாமல் இணங்கும். காய்ந்தபின் அதிகம் அசையாது. ஈட்டியோ 850 கிலோவை ஒட்டி வரும். ஸ்டாக்கின் மரம் இரண்டு லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால், ஈட்டியில் சுமார் 400 கிராம் கூடிவிடும். பன்னாட்டு விதிப்படி ஏர் ரைஃபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதால், அந்த எடையை மரத்தில் செலவிடுவதைவிட, வேண்டிய இடத்தில் எடைக்கட்டிகளாக வைத்துக்கொள்வதே நல்லது. மேலும், ஈட்டி மரங்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டமே கொண்டுவரப்பட்டது. உரிய ரசீது இல்லாத பலகையைத் தொடாதீர்கள்.

உங்கள் தேக்கு உத்திரத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த வைரம் பாய்ந்த மரத்தைப் புதிதாக வாங்க முடியாது. ஆணித் துளைகளையும், நடுக்குருத்தையும், ஓரத்து வெள்ளையையும் தள்ளிவிட்டு, வளையங்கள் பலகையின் அகன்ற முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுக்கச் சொல்லுங்கள். அவ்வாறு அறுத்த பலகை கோணுவது குறைவு. கைப்பிடிக்குப் பின்னால் ஸ்டாக் மெலியும் இடத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்படாமல் நீளவாக்கில் ஓட வேண்டும். அங்குதான் ஸ்டாக் முறியும்.

உங்கள் கவலை நியாயமானது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு நீரோடு நிலைகொள்ளும். 50 விழுக்காட்டில் அது 9 ஆகக் குறையும். கடற்கரை நகரத்திலிருந்து குளிரூட்டிய அரங்குக்குள் போகும் ரைஃபிள் இந்த இரண்டுக்கும் இடையே ஊசலாடும். எந்த மரமும் இதற்கு விலக்கில்லை. தேக்கு குறைவாக அசையும், அவ்வளவுதான். மீதியைப் பொருத்தும் முறைதான் தீர்க்க வேண்டும்.

ரைஃபிள் பழுதுபார்ப்பவர்

மேலே நண்பர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மரத்தில் நேரடியாகத் திருகுவது எனக்கு உடன்பாடில்லை. திருகின் தலைக்கும் ஆக்‌ஷனுக்கும் இடையில் மரம் இருக்கும்வரை, அது வீங்கும்போது திருகு இறுகும், சுருங்கும்போது தளரும். பத்து மீட்டர் இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், அந்த அளவில் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும். திருகுத் துளைகளில் அலுமினியக் குழாய்த் தூண்களை வைத்து, ஆக்‌ஷன் அவற்றின் மீது உட்காரும்படி செய்துவிட்டால், உலோகம் உலோகத்தை அழுத்தும்; மரம் இடையில் வராது.

தொடங்குமுன் சிலிண்டரைக் கழற்றி, பேரலில் குண்டு இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். ஆக்‌ஷன் உட்காரும் குழியை எல்லாப் பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து, உலோகம் நிரப்பிய எபாக்ஸியை இடுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால், எபாக்ஸி இடுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் துணியால் துடைக்காவிட்டால் அது உரிந்து வரும். ஆக்‌ஷனுக்கு மெழுகு தடவி, அதன் துளைகளைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். எபாக்ஸி இறுகும் நேரத்தில் திருகுகளை முடுக்காதீர்கள்; முடுக்கினால் அந்த இழுவிசை அப்படியே உள்ளே உறைந்துவிடும்.

இறுகியபின் ஒரு சோதனை. பேரலில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) பொருத்தி, அதன் முனை ஸ்டாக்கைத் தொடும்படி வைத்து, ஒவ்வொரு திருகாகத் தளர்த்திப் பாருங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால் வேலையை மீண்டும் செய்ய வேண்டும். பேரலோ சிலிண்டரோ மரத்தை எங்கும் தொடக் கூடாது.

பயிற்றுநர்

தேக்கில் உளி வைக்குமுன், விலை குறைந்த மரத்தில் ஒரு மாதிரி செய்து, அதைக்கொண்டு சில வாரங்கள் நின்று பழகுங்கள். கண்களை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்தபின் கண்ணைத் திறந்தால், பார்வை பின்காட்சித் துளையின் நடுவில் இயல்பாக விழ வேண்டும். விழாவிட்டால் கழுத்தை வளைக்காதீர்கள், கன்னத்தாங்கியின் உயரத்தை மாற்றுங்கள். டிரிகரிலிருந்து பட் பிளேட் (தோளில் பதியும் பின்முனைத் தகடு) வரையான தூரமும் கன்னத்தாங்கியும் பிற்பாடு மாற்றக்கூடிய உலோகத் தண்டுகளின் மீது இருக்கட்டும். குளிர்கால ஜாக்கெட்டின் தடிமனே அளவை மாற்றிவிடும். கட்டைவிரல் துளை உள்ள ஸ்டாக் ஏர் ரைஃபிள் பிரிவில் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், தச்சர் அழகுக்காக அதைக் குடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடதுகைச் சுடுநர், சென்னை

மூவருக்கும் நன்றி. உத்திரத்தை அறுக்கக் கொடுத்துவிட்டேன். மாதிரிக்குப் பைன் பலகை வாங்கியாயிற்று. மேற்பூச்சுக்கு வார்னிஷ் நல்லதா, எண்ணெய் நல்லதா?

மரப்பட்டறை, கோவை

கைபடும் இடங்களில் எண்ணெயே நல்லது. வியர்வையில் வழுக்காது, கீறலையும் எளிதில் சரிசெய்யலாம். ஆளி விதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்தபின் அடுத்ததைத் தடவுங்கள். தேக்கில் இது மெதுவாகத்தான் காயும். பட் பிளேட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வெட்டுமுகத்தை மட்டும் எபாக்ஸியாலோ வார்னிஷாலோ நன்றாக அடைத்துவிடுங்கள், ஏனெனில் ஈரம் மிக விரைவாக நுழைவது அந்த வழியாகத்தான். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவைத்தபின் அப்புறப்படுத்துங்கள்.