மறு: க்யூட்டிகிள் – நகக்கரையா, நகவரப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பெடிக்யூர் (pedicure), க்யூட்டிகிள் (cuticle) என்ற சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

பெடிக்யூருக்குப் 'பாதப் பேணல்' சரியாகவே இருக்கிறது. இலத்தீன் மூலத்திலும் பாதம், பேணுதல் என்ற இரண்டு சொற்கள்தான். வீட்டிலேயே பாதப் பேணல் செய்வது பற்றி எளிய குறிப்பு எழுத உட்கார்ந்தபோது எனக்கு இடறியது க்யூட்டிகிள்தான். நகத்தின் அடிப்பக்கம், சதை முடிகிற இடத்தில் நகத்தோடு ஒட்டிக் கிடக்குமே மெல்லிய படலம், அதுதான்.

முதல் மடலில் வந்த 'நகச் சிறுதோல்' மூலச்சொல்லுக்கு நேரானது. ஆனால் சிறுதோல் என்று கேட்டதும் கை பிளேடைத் தேடும். 'நகக்கண்' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். எங்கள் பக்கம் மீன் முள் ஏறுகிற இடம் நகக்கண். அது நகத்தின் நுனியில், சதைக்கு மேலே இருக்கிறது. அடிப்பக்கத்துக்கு அதைக் கொண்டுபோனால் குழப்பம்தான்.

நான் இதில் இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. பாம்பனில் என் சின்னம்மா கடல்பாசி எடுக்கிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலடிப் பாறையைத் தடவித் தடவி, மணிக்கணக்காகக் கடல் தண்ணீரில் நிற்கிற கால். ஒரு கல்யாணத்துக்கு முன்னால் அவர் மகள், என் தங்கச்சி, ஆசையாக அம்மாவின் பாதத்தை ஊற வைத்து, குதிகாலைத் தேய்த்து, அப்படியே இந்தப் படலத்தையும் நறுக்கிவிட்டாள். கல்யாணம் முடிந்து கடலுக்குப் போன நாலாம் நாள் பெருவிரல் வீங்கிவிட்டது. நகத்தின் அடியோரம் பளபளவென்று சிவந்து, தொட்டால் சீழ் எட்டிப் பார்த்தது. "அழுக்குத் தோலுன்னு நெனச்சேன்" என்று தங்கச்சி அழுதாள்.

அது அழுக்குத் தோல் இல்லை. சதை மடிப்புக்கும் நகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைத்து, தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல் காப்பது அதுதான். மடிப்புக்கு உள்ளேதான் நகம் பிறக்கிறது. அங்கே அடிபட்டால் நகம் பள்ளமும் மேடுமாக வரும். கால் பெருவிரல் நகம் முழுதாக மாறி வர 12 முதல் 18 மாதம் ஆகும்.

ஆகவே சொல்லைக் கேட்டவுடனே 'இது காவல், வெட்டக் கூடாது' என்று தெரிய வேண்டும். எனக்கு முதலில் தோன்றியது 'நகக்கரை'. கண்மாய்க் கரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், சேலைக்கும் கரை உண்டு. சின்னம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மருதாணிக் கறையாப்பா?" என்றார். பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட்டேன். அப்புறம் 'நகவரப்பு' என்றேன். "வரப்பை எதுக்கு வெட்டணும், தண்ணி பாஞ்சுருமே" என்றார். விளக்கம் எதுவும் நான் சொல்லவில்லை.

உயிருள்ள சதை மடிப்பும் நகத்தின்மேல் ஒட்டியுள்ள செத்த படலமும் ஒன்றல்ல என்று நேற்று ஒரு நண்பர் சுட்டியது நியாயம். மடிப்பை 'நகமடிப்பு' என்போம். படலம் மட்டும் நகவரப்பு. இலையின் மேலுள்ள மெழுகுப் படலத்தையும் ஆங்கிலத்தில் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். அதற்கும் வரப்பைக் கொண்டுபோக வேண்டாம், அது தனிச் சொல் கேட்கும் பொருள்.

குறிப்பில் இப்படி வரும்:

"இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊற வையுங்கள். குதிகாலைக் கல்லால் மெல்லத் தேயுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து உள்ளே வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். நகவரப்பை வெட்டாதீர்கள். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, ஈரத்துணியால் ஒதுக்கிவிடுங்கள்."

'பின்னே தள்ளுங்கள்' என்று எழுதலாமே என்று கேட்டிருந்தார்கள். தள்ளு என்றால் அழுத்திவிடுவார்கள். ஒதுக்கு என்றே போடுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.