உதவி தேவை: தென்னாற்காடு, வட ஆற்காடு முழுதும் தேடியும் மூதாதையர் ஊர் கிடைக்கவில்லை

வேர்த்தேடல்: அவசரம். எங்கள் நாயக்கர் குடும்பச் சங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா கப்பலேறிப் போனவராம். வம்சாவளியில் சேர்க்கச் சொல்கிறார். அவர் தந்த ஊர்ப் பெயர் வேலூர், திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கம் எங்குமே இல்லை. சங்க மலர் அச்சுக்குப் போகிறது. வழி சொல்லுங்கள்.

பழந்தாள்: எந்த நாடு? எந்தக் காலம்? ஊர்ப் பெயர் என்ன?

கடலோரம்: மொரீஷியஸாகத்தான் இருக்கும். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்கு எழுதுங்கள். அங்கே ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகள் இருக்கின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் புகைப்படமே கிடைக்கும்.

பழந்தாள்: நாடே தெரியாமல் மோக்காவுக்கா?

ஏட்டுச்சுருள்: கேள்வியை இப்படிக் கேட்டால் யாராலும் உதவ முடியாது. சங்கம் நடத்துகிறவருக்கு இந்த அரிச்சுவடி தெரிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்களோடு சென்னையிலிருந்து முதல் கப்பலான 'ட்ரூரோ' அங்குள்ள டர்பனை அடைந்தது. 1911 வரை 1,52,184 பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். குடும்பமாக ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள். முதலில் எண்ணை வாங்குங்கள், பிறகு பேசலாம்.

வேர்த்தேடல்: டர்பன்தான். எண்ணைக் கேட்டு எழுதிவிட்டேன்.

மரபணு: ஆவணம் எல்லாம் எதற்கு? ஒய் குரோமோசோம் தந்தை வழியில் மகனுக்கு மகன் போகிறது. சங்கத்தில் ஓர் ஆண், அந்தக் குடும்பத்தில் ஓர் ஆண், இருவருக்கும் பரிசோதனை செய்தால் முடிந்தது.

வேப்பநிழல்: எந்தக் குடும்பத்தோடு ஒப்பிடுவீர்கள்? நாயக்கர் என்பது வன்னியரிலும் உண்டு, தெலுங்கு பேசும் சமூகங்களிலும் உண்டு. பட்டம் ஒன்று என்பதால் பங்காளி ஆகிவிட முடியாது. குலதெய்வம் எது என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். நூறு வருடம் கழித்தும் அதை மறக்காத குடும்பங்கள் உண்டு.

மலைச்சாரல்: பங்காளி இல்லை என்றால் துரத்திவிடுவீர்களா? கடல் கடந்து போனவரின் கொள்ளுப்பேத்தி தேடி வருகிறார். சங்கம் கதவைத் திறக்க வேண்டும்.

வேப்பநிழல்: வரவேற்பது வேறு, வம்சாவளியில் எழுதுவது வேறு. தப்பாக எழுதிய ஒரு பெயரை அடுத்த தலைமுறை அழிக்காது.

ஏட்டுச்சுருள்: விவாதத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழந்தாள்: ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலில் ஜில்லா வட ஆற்காடு என்று இருந்தால் தமிழ்நாட்டு வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். இன்று ஆந்திராவில் உள்ள சித்தூர் தனி மாவட்டமானது 1911இல். அதுவரை அதன் பல தாலுகாக்கள் வட ஆற்காட்டில்தான் இருந்தன.

வேர்த்தேடல்: பட்டியலின் படம் வந்துவிட்டது. வட ஆற்காடு, சந்திரகிரி தாலுகா. ஆந்திரப் பக்கம் தேடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பழந்தாள்: சித்தூர் மாவட்டத்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு கிடைத்தால் அதில் கிராமங்கள் தாலுகா வாரியாக இருக்கும். அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்துக்கொண்டே பாருங்கள். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார்.

வேப்பநிழல்: சாதிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? தந்தை பெயர்?

மலைச்சாரல்: ஊர் கிடைத்ததா ஐயா?