காசு கொடுக்காமல் கேட்பவருக்கு என்ன பெயர்?

ஹட்டன், திங்கள் இரவு

எல்லாருக்கும் வணக்கம். வியாழக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

உயர்தரப் பொருளியல் பிள்ளைகளுக்குப் பொதுப் பண்டங்கள் பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை கருத்தரங்கு. வியாழன் மாலை போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்தாக வேண்டும். பதினெட்டுப் பக்கம் முடிந்துவிட்டது. காசு கொடுக்காமல் பயன்பெறுபவரை ஆங்கிலத்தில் சொல்லும் 'ஃப்ரீ ரைடர்' என்ற ஓரிடத்தில் வந்து நிற்கிறேன்.

பொருளியலாளர் சாமுவெல்சன் 1954இல் எழுதியதை வைத்துத்தான் பாடம். ஒருவர் நுகர்ந்தால் இன்னொருவருக்குக் குறையாது. காசு கொடுக்காதவரைத் தடுக்கவும் முடியாது. அப்படிப்பட்ட பண்டத்துக்கு யாரும் தானாகக் காசு கொடுக்க வரமாட்டார்கள், எல்லாரும் மற்றவர் கொடுக்கட்டும் என்று இருந்துவிடுவார்கள் என்பது சிக்கல். புத்தகங்களில் வெளிச்சவீட்டைத்தான் உதாரணம் காட்டுவார்கள். மலையில் பிறந்த பிள்ளைக்கு வெளிச்சவீடு தூரம் என்பதால் வானொலியை எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் 'இலவசப் பயணி' என்று எழுதினேன். ஒரு பிள்ளை எழுந்து, "சீசன் டிக்கெட்ல வர்றவங்களா டீச்சர்?" என்று கேட்டது. வகுப்பில் பாதிப் பேர் சீசனில்தான் வருகிறார்கள். வானொலியைப் பற்றிப் பேசும்போது பயணி எங்கிருந்து வந்தார் என்று அதற்குப் புரியவில்லை. எனக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நான் பிறந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா; ஒரு காம்பராவில் ஒரு குடும்பம். ரேடியோ இருந்தது மூன்றாவது காம்பராவில், பெரியப்பா வீட்டில் மட்டும். வருடா வருடம் தபால் கந்தோரில் ரேடியோவுக்கு லைசன்ஸ் எடுத்தது அவர். பேட்டரி வாங்கியதும் அவர். பேட்டரி இறங்கிவிட்டால் தகரத்தின் மேல் வெயிலில் வரிசையாக வைப்போம். மாலைக்குள் இன்னும் இரண்டு பாட்டுக்கு உயிர் வந்துவிடும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சி தொடங்கினால் பெரியம்மா சத்தத்தைக் கூட்டி வைப்பார். கடைசிக் காம்பராவில் ரொட்டி தட்டுபவருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் கூட்டுவார். அந்தப் பதினொரு வீட்டாருக்கும் என் கையேட்டில் என்ன பெயர் வைப்பது?

பதுளை, செவ்வாய் காலை

டீச்சர், வணக்கம். என் கருத்து நேரடியாக: 'இலவசப் பயணி'யை மாற்றாதீர்கள். நான் பதினைந்து வருடமாக மொழிபெயர்ப்பை வைத்துத்தான் பிழைக்கிறேன். புதுச் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளை வேறு புத்தகத்தைத் திறக்கும்போது அது அங்கே இருக்காது. கேள்வித்தாளில் ஒன்று, கையேட்டில் ஒன்று என்றால் அடி விழுவது பிள்ளைக்கு. பயணி பொருந்தவில்லை என்றால் 'ஓசிப் பயணி' என்று போடலாம், சிரித்துக்கொண்டே மனதில் வைத்துக்கொள்வார்கள். ஓசி நம் எல்லாருக்கும் தெரிந்த சொல். கம்பெனிக் காலத்தில் தபால் கட்டணம் இல்லாத கடிதத்தில் ஓ.சி. என்று முத்திரை குத்துவார்களாம், அதிலிருந்து வந்தது என்பார்கள்.

கண்டி, செவ்வாய் மாலை

மகளுக்கும் பதுளைத் தம்பிக்கும்.

கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக அது சொல்லின் வேர் ஆகிவிடாது, தம்பி. ஓசி என்ற சொல்லில் இளக்காரமும் இருக்கிறது. பாடநூலில் அதற்கு இடம் வேண்டாம்.

மகள் வெளிச்சவீட்டை விட்டுவிட்டதில் எனக்கு வருத்தம். நம்மிடம் எவ்வளவு பழைய சொல் இருக்கிறது பாருங்கள். சிலப்பதிகாரம் கடலாடு காதையில் 'இலங்குநீர் வரைப்பில் கலங்கரை விளக்கமும்' என்று வருகிறது. கலம் என்றால் மரக்கலம். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதேதான். கலத்தைக் கரையும் விளக்கம், அதாவது கப்பலைக் கூவி அழைக்கும் விளக்கு. காசு கொடுத்த கப்பல், கொடாத கப்பல் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அழைக்கிறது. வானொலியும் அதைத்தானே செய்கிறது? ஆகவே ஒலிபரப்பு என்ற நீண்ட சொல்லுக்குப் பதிலாகக் 'கரைவு' என்றே சொல்லலாம் என்பது என் நெடுநாள் கருத்து. வானொலி நிலையம் கரைவகம். அறிவிப்பாளர் கரைநர். ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் இடையில் ஒரு ளகரத்தை வைத்துக்கொண்டு நாம் படும் பாடும் தீரும்.

சரி, கேட்ட சொல்லுக்கு வருகிறேன். குறள் 1005: 'கொடுப்பதூஉம் துய்ப்பதூஉம் இல்லார்க்கு அடுக்கிய கோடியுண் டாயினும் இல்.' கொடுத்தல், துய்த்தல் (நுகர்தல்) என்ற இரண்டையும் வள்ளுவர் சோடியாக வைத்திருக்கிறார். அவர் பேசுவது இரண்டும் இல்லாதவனைப் பற்றி. மகள் கேட்பது துய்ப்பது உண்டு, கொடுப்பது இல்லை என்ற ஆளை. எனவே 'கொடாத்துய்ப்பர்'. கொடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'ஓடாக் குதிரை' போல வல்லினம் மிகும்.

பண்டாரவளை, செவ்வாய் இரவு

ஐயா, 'கரைவு' வேண்டாம். தோட்டத்தில் கரைவது என்றால் சீனி கரையும், சம்பளம் கரையும். கரைவகம் என்று பலகை போட்டால் உள்ளே வர ஆள் இருக்காது. ஒலிபரப்பில் முப்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன், ஒலிபரப்பு நல்ல சொல். பரப்பு என்பதில் விதை தூவுகிற பொருள் இருக்கிறது. எந்த விதை யார் நிலத்தில் விழும் என்று தூவுகிறவனுக்குத் தெரியாது.

டீச்சருக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, 'தடுக்க முடியாது' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். நம் ஊரில் தடுப்பது விலை இல்லை, மலை. பண்பலை நேர்கோட்டில் போகும். பிதுருதலாகலை மலை 2,524 மீற்றர் உயரம், அதன் உச்சியிலிருந்து அனுப்பினாலும் பின்னால் இடுக்கில் இருக்கும் லயத்துக்கு அது பெரிதாக உதவாது. மத்திய அலை இருந்த காலத்தில் தரையோடு வளைந்து எப்படியோ வந்து சேரும். பண்பலை வந்தபின் மேட்டு லயத்தில் ஆறு நிலையம் எடுக்கும், பள்ளத்து லயத்தில் ஒன்று இரைச்சலோடு எடுக்கும். இரண்டு லயத்துக்கும் நாட்சம்பளம் ஒன்றுதான்.

இரண்டாவது, மரண அறிவித்தல். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு பொருளாதாரம் என்றே தெரியாது. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் குடும்பம் காசு திரட்டி, யாரையாவது ஓடவிட்டு, வானொலியில் அறிவித்தல் கொடுக்கும். இன்னாரின் அன்புக் கணவர், இன்னின்னாரின் பாசமிகு தந்தை, இறுதிக்கிரியை நாளை பிற்பகல் என்று வாசிப்போம். பசறையில் இருக்கும் தங்கச்சிக்கும் வட்டவளையில் இருக்கும் மச்சானுக்கும் தந்தி போகும் முன்னே செய்தி போய்விடும். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் பேச்சுச் சத்தம் இருக்காது. பேரையும் தோட்டத்தின் பேரையும் காது கொடுத்துக் கேட்பார்கள். இதில் காசு கட்டியவர் ஒரு வீடு, கேட்டது நாடு முழுக்க. ஒருத்தரும் காசு கொடுக்காமல் எல்லாரும் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்த வீடு காசு கட்டியது. உங்கள் பாடத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

அப்புறம், கேட்பவருக்கு வானொலி ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறது: நேயர். லைசன்ஸ் எடுத்த நேயர், எடுக்காத நேயர் என்று நாங்கள் ஒருநாளும் பிரித்துக் கூப்பிட்டதில்லை.

கண்டி, செவ்வாய், நள்ளிரவு தாண்டி

நேயர் என்றவுடன் உறக்கம் போய்விட்டது. நேயம் வடமொழி ஸ்நேகத்தின் திரிபு என்பார்கள். 'நேயத்தே நின்ற நிமலன் அடிபோற்றி' என்கிறது சிவபுராணம். நெய் என்ற நம் சொல்லே மூலம், பிசுபிசுத்து ஒட்டுவதால் அன்பு என்பது என் துணிபு. இதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். சொல் கொடாத்துய்ப்பர்தான்.

கோத்தகிரி, புதன் காலை

அக்காவுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். நான் உங்கள் பக்கத்து ஆள்தான். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர்கள் நாங்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. தகரப் பெட்டி இரண்டு, அம்மிக்கல், ஒரு ரேடியோ. நீலகிரிக்கு வந்து இறங்கியபின் அப்பா முதலில் செய்தது, சுவரில் ஆணி அடித்துக் கம்பி இழுத்து இலங்கையைப் பிடித்ததுதான். அப்போது இங்கேயும் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபிஸில் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அப்பா ஒழுங்காக எடுத்தார். பணம் கட்டியது இந்திய அரசுக்கு, கேட்டது இலங்கை வானொலியை. அப்படியென்றால் நாங்கள் யாருக்கு ஓசி?

யோசித்துப் பார்த்தால் அதற்கும் கணக்கு இருந்திருக்கிறது. கேஸ்கர் 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றுபோனது. கேட்பவர்கள் கூட்டமாக இலங்கை வர்த்தக சேவைக்குப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே இந்தியக் கம்பெனிகளின் விளம்பரமும் போனது. டில்லி விழித்துக்கொண்டு 1957இல் விவித் பாரதி தொடங்கியது. அதில் விளம்பரம் வந்தது 1967இல்தான். ஆக, எங்களுக்காக இலங்கைக்குக் காசு கொடுத்தது பற்பசையும் சவர்க்காரமும். அவற்றை வாங்கிய நாங்கள் விலையோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். 'கொடா' என்று எழுதும் முன் இதையும் நினையுங்கள்.

நுவரெலியா, புதன் நண்பகல்

தேடி அலைய வேண்டாம். 'புல்லுருவி' என்று போடுங்கள். நிழல் மரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் சாறில் வாழ்வதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கிறது. தனித்தமிழ், விளக்கமே தேவையில்லை.

ஹட்டன், புதன் இரவு

புல்லுருவி என்று நான் எழுதமாட்டேன், சேர். அது மரத்தைக் கொல்லும். பதினொரு வீடு கேட்டதால் பெரியப்பாவின் ரேடியோவில் ஒரு பாட்டும் குறையவில்லை; குறையாது என்பதுதான் பாடமே. பாடத்துக்கு நேர் எதிரான சொல்லை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது.

பெரியப்பாவிடம் யாரும் சும்மா கேட்கவும் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் நாலாம் காம்பராக்காரர் இரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பற்றுச்சீட்டும் கிடையாது, சந்தாவும் கிடையாது. சந்தா என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் சங்கச் சந்தாதான் நினைவுக்கு வரும், அதனால் லைசன்ஸ் பணத்துக்கு அந்தச் சொல்லையும் தவிர்த்து 'அனுமதிக் கட்டணம்' என்றே போட்டிருக்கிறேன்.

பதுளைத் தம்பி பரீட்சையைப் பற்றிச் சொன்னது நியாயம், அதை ஒதுக்க மாட்டேன். ஆனால் பழைய சொல்லும் ஓசியும் புல்லுருவியும் ஆளைத்தான் சுட்டுகின்றன. குறை ஆளில் இல்லை. காற்றில் போகும் சத்தத்துக்குக் கதவு போட முடியாது என்பது பண்டத்தின் இயல்பு. இங்கிலாந்தில் வானொலிக்கு மட்டும் தனி லைசன்ஸ் என்பதை 1971இலேயே எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் 2013இலிருந்து பெட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். யார் கேட்கிறார் என்று துப்புப் பார்ப்பதை அவர்களே விட்டுவிட்டார்கள். அதனால் ஐயா தந்த சொல்லில் ஆளை எடுத்துவிட்டுச் செயலை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: 'கொடாத்துய்ப்பு'. சிக்கலின் பெயர் கொடாத்துய்ப்புச் சிக்கல். பக்கத்திலேயே, 'பிற நூல்களில் இலவசப் பயணி' என்று ஒரு வரி.

கண்டி, வியாழன் விடிகாலை

மகளே, இலக்கணம் இடிக்கிறது. கொடாத்துய்ப்பர் என்றால் கொடாதவராகிய துய்ப்பர், சரி. கொடாத்துய்ப்பு என்றால் எது கொடாதது? துய்ப்பா? துய்ப்பு கொடுக்காது, துய்ப்பவர்தான் கொடார். 'கொடாது துய்த்தல்' என்று வினையெச்சமாக எழுதுங்கள்.

ஹட்டன், வியாழன் காலை

ஐயா, 'தூங்கா இரவு' என்கிறோம். இரவா தூங்கவில்லை? பெயரெச்சம் செய்பவனை மட்டுமல்ல, நிலம், காலம், செயல் என்று ஆறையும் கொண்டு முடியும் என்று நீங்கள்தான் எனக்கு நன்னூல் சொல்லிக்கொடுத்தீர்கள்.

கண்டி, வியாழன் காலை

சொல்லிக்கொடுத்தேன். கொடா என்பது கொண்டு முடிய வேண்டிய செயல் கொடை. துய்ப்பு வேறு செயல். நான் உடன்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொடுக்கும் நேரமாகிவிட்டது, போய்வாருங்கள்.

பதுளை, வியாழன் மாலை

நானும்தான் உடன்படவில்லை. 'இலவசப் பயணி' என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டீர்களா டீச்சர்?

ஹட்டன், சனி இரவு

போட்டேன் தம்பி. நூற்று நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். கொடாத்துய்ப்பு என்று முதலில் வாசித்தபோது பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. கொடா, துய்ப்பு என்று பிரித்துப் பலகையில் எழுதியதும் அடங்கிவிட்டது. இரண்டாம் பகுதியில் அவர்களே 'சும்மா கேக்குற சிக்கல்' என்று பேசிக்கொண்டார்கள், எழுதும்போது மட்டும் கொடாத்துய்ப்பு என்றார்கள். அதை நான் திருத்தவில்லை.

பண்டாரவளை அண்ணன் சொன்ன மரண அறிவித்தலைக் கடைசியில் எடுத்தேன். பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை கை தூக்கியது. "கேக்கிறவங்களுக்கு ஒரு பேர் வச்சிட்டீங்க டீச்சர். மத்தவங்க எல்லாம் கேக்கணும்னு காசு கட்டினாங்களே, அவங்களுக்கு என்ன பேர்?"

அடுத்த பதிப்பு தவணை முடிவில்தான். அதற்குள் யாராவது ஒரு சொல் தாருங்கள்.