கலந்து கிடைத்த .308 வின்செஸ்டர் தோட்டா உறைகளைப் பிரிப்பதில் இரண்டு ஐயங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் நான் உறுப்பினராக உள்ள சுடுதளத்தில், பலரும் சுட்டுவிட்டுப் போட்ட பித்தளை உறைகளை மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துவதற்காக, அனுமதி பெற்று ஒரு வாளி நிறைய அள்ளி வந்தேன். .308 வின்செஸ்டர் உறைகளோடு, அடியில் எல்சி (லேக் சிட்டி ஆலை) என்ற எழுத்துகளும் வட்டத்துக்குள் சிலுவைக் குறியும் பொறித்த, கிட்டத்தட்ட அதே அளவுள்ள ராணுவத் தோட்டாவான 7.62 நேட்டோவின் உறைகளும் கலந்திருந்தன. ராணுவ உறையின் சுவர் பொதுவாகத் தடிமனானது; உள்ளே இடம் குறைவதால் அதே அளவு வெடிமருந்து கூடுதல் அழுத்தத்தைத் தரும் என்று அவற்றை முதலிலேயே தனியாக எடுத்துவிட்டேன். உள்ளே இரண்டு சிறு துளைகள் உள்ள பெர்டன் வகையையும் ஒதுக்கியாயிற்று (பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, அதைத் தள்ளி எடுக்கும் ஊசி ஒன்று உடைந்த பிறகுதான் அந்தப் புத்தி வந்தது).

வளைத்த கம்பியின் முனையை உள்ளே விட்டு வருடும்போது, அடியிலிருந்து சற்று மேலே சில உறைகளில் ஒரு பள்ளம் இடறுகிறது; சுவர் மெலிந்து உறை அங்கே அறுந்துவிடக்கூடும் என்பதன் அறிகுறி இது. வெளியிலும் அதே இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தவற்றை நசுக்கிப் போட்டுவிட்டேன். வளையம் தெரியாமல் கம்பி மட்டும் லேசாகத் தடுக்குபவற்றையும் கழித்துவிடுவதுதான் முறையா? அடுத்து, ராணுவ உறைகளில் பிரைமர் குழியின் விளிம்பு உள்நோக்கி அழுத்தப்பட்டிருப்பதை, செதுக்கினால் குழி தளர்ந்துவிடும் என்ற அச்சம் இருப்பதால், அழுத்தி விரிக்கும் கருவியால் சரிசெய்வது நல்லதா? அச்சில் அழுத்தி அளவு திருத்திய பிறகு உறையை 2.005 அங்குல நீளத்துக்கு வெட்டுவதில் எனக்கு ஐயமில்லை. கைப்பட இந்த வேலையைச் செய்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.