ஏகாந்தம், துறவு, ஒதுங்குதல்: எதை எங்கே போடுவது?

செம்பருத்தி: ஜப்பானியக் கதையொன்றைத் தமிழாக்குகிறேன். மலையில் தனியே இருக்கும் பிக்கு, ஊரார் சேர்த்துக்கொள்ளாத கிழவி, வருடக்கணக்கில் அறையைவிட்டு வெளியே வராத இளைஞன். மூவருக்கும் 'தனிமை' என்றே போட்டால் சப்பென்று இருக்கிறது. வேறு சொற்கள்?

நன்னூலன்: பெயர்ச்சொல்லைத் தேடாதீர்கள், வினையைப் பிடியுங்கள். ஒதுங்கினாள் என்றால் அவளாக. ஒதுக்கினார்கள் என்றால் ஊர். விலகு/விலக்கு, முடங்கு/முடக்கு எல்லாம் இதே கணக்கு. பெயராக்கினால் இந்த வேறுபாடு மங்கிவிடும்: முடங்கியதும் முடக்கம், முடக்கியதும் முடக்கம்.

கிழவிக்கு 'ஊரார் தள்ளிவைத்தார்கள்'. எழுவாயை விடவேண்டாம். வெறுமனே 'தள்ளிவைக்கப்பட்டவள்' என்றால் புருஷன் தள்ளிவைத்தவள் என்றுதான் படிப்பார்கள். 'தனிமைப்படுத்தினார்கள்' 2020-க்குப் பிறகு கொரோனா வாடை அடிக்கிறது.

மருதன்: பிக்குவுக்குத் துறவு பொருந்தும், ஆனால் அது தனிமையைச் சொல்லாது. துறவு பற்றை விடுவது. நூறு பேர் உள்ள மடத்திலும் துறவி இருப்பார். அவர் தனித்திருப்பதை விரும்புகிறார் என்பதற்கு ஏகாந்தம். 'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்று ஔவை பெயரில் வழங்கும் தனிப்பாடல் இருப்பதால் அந்தச் சொல்லில் சோகம் ஒட்டாது.

இரண்டு பொறிகள். வானப்பிரஸ்தம் இல்லறம் முடித்தவர் காடு போவது. இளம் பிக்குவுக்கு ஆகாது. அஞ்ஞாதவாசம் ஆளை மறைப்பது, ஆட்களை விட்டு விலகுவது அல்ல. பாண்டவர் 12 ஆண்டு வனவாசத்துக்குப் பின் 13-ஆம் ஆண்டைக் கழித்தது விராடன் அரண்மனையில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே! பத்திரிகைகள் இதை விடாமல் தப்பாகப் போடுகின்றன.

செம்பருத்தி: நன்றி ஐயா. 'வடக்கிருந்தார்' சரிப்படுமா?

மருதன்: வேண்டாம். அது கோப்பெருஞ்சோழன் போல உண்ணாமல் உயிர்விடுவது. பிக்குவைக் கொன்றுவிடுவீர்கள்.

நன்னூலன்: இளைஞனை விட்டுவிட்டோமே. ஜப்பானில் 6 மாதத்துக்கு மேல் இப்படி இருப்பவரை ஹிகிகோமோரி என்கிறார்கள். முதல் தடவை அச்சொல்லை அப்படியே வைத்து, பிறகு 'வீட்டோடு முடங்கிக் கிடந்தான்' என்று கொண்டுபோங்கள். 'ஒண்டிக்கட்டை' கூடாது, அது குடும்பம் இல்லாத ஆள். இவனுக்கு அடுத்த அறையில் அம்மா இருக்கிறாள்.

குறிஞ்சி: ஒரு கொசுறு. 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பிய உரியியல். இன்றைக்குப் போட்டால் பிக்கு மூக்கைச் சிந்துகிறார் என்பார்கள்.