புதுப்பிப்பு: 2011ஆம் ஆண்டு லாரியை என்ன செய்தேன்

2011இல் பதிவான எனது ஆறு சக்கர லாரியின் என்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, டிப்பராக மாற்றுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பலரும் என்ஜின் வேலையே போதும் என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாமக்கல் பட்டறையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென வந்தது. பிஸ்டன் ரிங்குகளும் லைனர்களும் தேய்ந்திருந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால், பின்புற ஸ்பிரிங் பிராக்கெட்டின் மேல் படிந்திருந்த மண்ணை மெக்கானிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது, ரிவிட் துளையிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் சேஸிஸில், அதாவது லாரியின் மொத்தப் பாரத்தையும் தாங்கும் அடிச்சட்டத்தில், இறங்கியிருப்பதும், அதன் ஓரமாகத் துரு கோடிட்டிருப்பதும் தெரிந்தன. அருகிலேயே பழைய வெல்டிங் தழும்பு ஒன்றும் இருந்தது. எனக்கு விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டிப்பர் யோசனை அங்கேயே முடிந்தது. தொட்டி தூக்கும்போது பாரம் முழுவதும் பின்பக்கக் கீல்களில் இறங்கும். விரிசல் விட்ட சேஸிஸ் அதைத் தாங்காது. அனுமதியின்றி அப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் ஏற்காது. 12 ஆண்டுகளைக் கடந்த இரண்டு அச்சு லாரிக்கு நேஷனல் பெர்மிட் (வெளி மாநிலங்களுக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் அனுமதி) கிடைக்காது என்பதால், என்ஜினுக்குப் போடும் பணத்தை உள்ளூர் வாடகையில்தான் மீட்க வேண்டும்; ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) செலவு வேறு.

ஆகவே, விரிசலைக் காட்டியே விலை பேசி, உடைப்புக்கு வாங்கும் வியாபாரியிடம் கொடுத்துவிட்டேன். கியர் பாக்ஸுக்குத்தான் அவர் நல்ல விலை போட்டார். ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்திருக்கிறேன்.